கடைசி வரி

காலை ஆறு இருபது, ஷார்ஜா அல் நஹ்தா, மருந்துக்கடை முன்.
குல்நவாஸின் வெள்ளை வேன் ஹாரன் அடிக்காது,
விளக்கை ஒருமுறை சிமிட்டும்.
பதினொரு பேர்.
பன்னிரண்டாம் இருக்கையில் எப்போதும் அவருடைய தண்ணீர்க் கேன்.

விழாவின் போஸ்டர் ராத்திரியே வந்துவிட்டது.
ஃபெர்டினாவின் போன் கைமாறிக் கைமாறிப்
பின்சீட்டுக்கு வந்து சேர்கிறது.
நான் கண் கிளினிக்கில் வேலை பார்ப்பவள்,
எனக்கு அது எங்கள் சுவரிலுள்ள பலகை.
உச்சியில் உள்ளங்கை அகலத்துக்குச் சாரல் நிகில்.
அடுத்து முக்கால் டிக்கெட் குழு.
இறங்க இறங்க எழுத்து மெலிந்து
எறும்பு வரிசையாகும் இடத்தில்
மஹிமா செராபின்.

"நிகிலா கடைசியில்? போன தடவை
பாதிப் பாட்டுக்கு மைக்கை நம்ம பக்கமே நீட்டினான்.
பாடினது நாம, பணம் அவனுக்கு."
புஷ்கலாவுக்கு இன்ஷூரன்ஸில் வேலை, கணக்கு விடமாட்டாள்.

"கூட்டத்தைப் பாட வைக்கிறவன்தான் கடைசியில நிக்கணும்"
என்கிறார் கார்கோ இன்பராஜ்.
"முக்கால் டிக்கெட்டுக்கு அப்புறம் யாரு பாடினாலும்
பாயசத்துக்கு மேல ரசம்."

"மணல்காத்து அடிச்சப்போ அந்த கிட்டார்க்காரன்
கண்ணைத்தான் மூடினான், கையை நிறுத்தல."

"நிகிலுக்கு ஒன்பது லட்சம் பேர் பின்னாடி."

"மொய்க்கிறத எண்ணினா
பழுத்த பலாதான் ஊருக்குத் தலைவர்."

இத்திஹாத் சாலை நகரவில்லை.
முன்னால் சிவப்பு விளக்குகள்,
பக்கத்து பஸ்ஸில் கண்ணாடியில் சாய்ந்து தூங்கும் தலைகள்.
ஃபெர்டினா கோபித்துக்கொண்டு
இட்லிப் பொட்டலத்தை மறுபடி கட்டிவிட்டாள்.
நிகிலைச் சொன்னால் அவளுக்குச் சொந்தக்காரனைச் சொன்ன மாதிரி.

தமிழ் பாதி புரியும் குல்நவாஸ்
கண்ணாடி வழியே கேட்டார்:
"போன வருஷம் கடைசியில் யார் பாட்டு?"

யாரும் வாய் திறக்கவில்லை.

பத்து நாற்பதுக்கு வேன் கிளம்பிவிடும்.
மறுநாள் சனிக்கிழமை, எல்லோருக்கும் டியூட்டி.
மூன்று வருஷமாய் நாங்கள் கேட்ட கடைசிப் பாட்டு
பார்க்கிங் மணலில் கால் வழியாக ஏறிய டிரம்,
ரேடியேட்டர் மேல் நடுங்கிய தண்ணீர் பாட்டில்,
அவ்வளவுதான்.
மீதியை மறுநாள் மதியம்
யாரோ நடுங்கும் கையில் எடுத்த வீடியோவில் பார்த்துவிட்டு
நேரில் கண்ட சாட்சி போலச் சண்டை போடுகிறோம்.

மஹிமா செராபின் பாடியது ஐந்தரைக்கு.
வெயில் அவள் முகத்துக்கு நேரே.
மைதானத்தில் நாற்பது பேர், அதில் நாங்கள் பதினொன்று,
அதிலும் ஆறு பேர் சமோசா வரிசையில்.
"நிழல்ல நிக்கிறவங்க கொஞ்சம் கிட்ட வாங்களேன்" என்றாள்.
நான் போனேன்.
அடுத்த குழுவின் டிரம் வந்து சேராததால்
ஒரே பாட்டை இரண்டாம் முறையும் பாடச் சொன்னார்கள்.
இரண்டாம் முறை அவள் அதை
அவசரமே இல்லாத ஒருத்தியைப் போலப் பாடினாள்.
மைக் ஸ்டாண்டில் அவளுடைய துப்பட்டா சிக்கியிருந்தது,
கடைசிவரை அதை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அன்று இரவு என்ன கேட்டேன் என்று
எனக்கு நினைவில்லை.

"சரி, ஓட்டுப் போடுவோம்" என்றார் இன்பராஜ்.
நான்குக்கு நான்கு, இரண்டு பேர் தூக்கம்.
"வின்சிலா, நீதான் பாக்கி. யாரு?"

ஒரு பெயர் நாக்கில் இருந்தது.
அந்தப் பெயர் வரி வரியாய் மேலே ஏறினால்
ஏழு மணி, எட்டரை, பத்து,
பிறகு பதினொன்று.
பதினொன்றுக்கு நான் இந்த வேனில் இருப்பேன்.

"சாரல் நிகில்" என்றேன்.
ஃபெர்டினா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து
முதல் துண்டை எனக்கு நீட்டினாள்.

எட்டரைக்கு முதல் நோயாளி.
ஒரு கண்ணை மூடச் சொன்னேன்.
மேல் வரியைக் கடகடவென்று வாசித்தார்.
"கீழே?"
"கீழே ஒண்ணும் இல்லையே, சிஸ்டர்."