ஜீரோ கேட்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில்
என் டிரெய்லருக்கு முன்னால் நூற்றுப்பத்து வண்டி.
எண்ணியவன் க்ளீனர் டேனி.
பின்னால் எத்தனை என்று எண்ண அவனுக்கும் தெம்பில்லை.
இடப்பக்கம் கல் கொட்டிய கடல்.
வலப்பக்கம் வலை காயும் சுவர்.

அந்த மாத்திரையை
எனக்குப் புரியவைத்தது இந்த வரிசைதான்.

ஸ்டான்லியில் டாக்டரம்மா
கேப்ஸ்யூலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
உள்ளே ஜவ்வரிசியைவிடச் சின்னதாய் உருண்டைகள்.
"நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமாத்தான் கரையும்.
உடைக்காதீங்க. மெல்லாதீங்க.
நீங்களா நிறுத்தாதீங்க."
தலையாட்டினேன்.
அந்த நாட்களில் யார் எது சொன்னாலும் தலையாட்டினேன்.

மனசுல என்ன இருக்கு என்று கேட்டதற்கு
ஒண்ணுமில்லை என்றேன். பொய்யில்லை.
மகள் கணக்கில் தோற்றதும்
அப்பாவின் திதியும்
வஞ்சிரத்தின் விலையும் ஒரே எடை.
நாற்பதடிக் காலி கண்டெய்னர்.
காலிதான், ஆனாலும் நாலு டன்.

முதல் வாரம் நாக்கு கருவாடு.
பனியனைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வரும்.
ப்ரஷர் பார்த்த நர்ஸ்
நம்பாமல் இன்னொரு முறை காற்றடித்தாள்.
இன்னொன்றும் இருந்தது.
அதை டாக்டரம்மா என்னிடம் சொல்லவில்லை,
தேசம்மாவைத் தனியாக அழைத்துச் சொன்னார்:
"மனசு எழுந்திருக்கறதுக்கு முன்னாடி
கைகால் எழுந்துடும் சில பேருக்கு.
இந்த வாரங்கள்ல தனியா விடாதீங்க.
ஏடாகூடமா ஏதாவது பேசினா
விடியட்டும்னு காத்திருக்காம கூட்டிட்டு வாங்க."

அதனால்தான் அட்டை அவளிடம்,
ரேஷன் கார்டு கவருக்குள்.
காலையில் ஒன்று.
விழுங்கியபின் "வாயைத் திற" என்பாள்.
ஒருநாள் கோபம் வந்து தட்டை நகர்த்தினேன்.
கோபம் வந்துடுச்சே என்று
அடுப்புப் பக்கம் திரும்பி
அவள் சிரித்ததை முதுகில் பார்த்தேன்.

வண்டிச் சாவி ஆறு வாரம் முதலாளியிடம்.
மஞ்சள் காமாலை என்று சொல்லியிருந்தோம்.
பாவம், கீழாநெல்லி கொடுத்தனுப்பினார்.

எப்போது விடிந்தது என்று தெரியாது.
மிண்ட் பக்கத்து அத்தோ கடையில்
வெங்காயம் கருகியிருக்கிறதென்று சண்டை போட்டேன்.
பாதி வழியில்தான் உறைத்தது:
கருகல் எனக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு சாவி கைக்கு வந்தது.
சரியாயிடுச்சே, இனி எதுக்கு என்றும் வந்தது.
இந்த நடைக்கு அட்டையை வாங்காமலே கிளம்பினேன்.
தேசம்மா குழாயடியில் இருந்தாள்.

இரண்டு நாளாக வரிசை நகரவில்லை.
கண்ணை இடமிருந்து வலம் திருப்பினால்
மண்டைக்குள் வெல்டிங் பொறி.
ஸ்டியரிங் மெல்லச் சாய்கிறது, வண்டி நிற்கும்போதே.
"வூட்டுக்குப் போயி ரெண்டா போட்டுக்கண்ணா,
கணக்கு சரியாப் பூடும்" என்கிறான் டேனி.

இல்லைடா.
நூற்றுப்பத்தையும் ஒரே நேரத்தில் உள்ளே விட்டால்
துறைமுகம் என்ன ஆகும், சொல்லு.
ஒன்றையும் விடாமல் திடீரென்று பூட்டினால்
மணலி வரைக்கும் என்ன ஆகும்
அதைத்தான் இரண்டு நாளாய் என் தலை பார்க்கிறது.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன்.
பின்வண்டி அஞ்சப்பனிடம் போய்
இன்னிக்கு என்னால ஓட்ட முடியாதுண்ணே என்றேன்.
ஏன் என்றார்.
காமாலை என்று வாய்வரை வந்தது.
"மனசுக்கு மாத்திரை சாப்பிடறேன். விட்டுட்டேன்."
அவர் பீடியை அணைத்தார்.
பேசவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார்.

டாக்டரம்மாவுக்கும் போன் போட்டுக் கேட்டுவிட்டு
ஷேர் ஆட்டோவில் வந்தாள் தேசம்மா,
லாரிகளுக்கு நடுவே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.
திட்டவில்லை. அது வீட்டில் இருக்கிறது.
காகிதத்தில் மடித்த ஒன்று.
வெயிலில் கொதித்த பாட்டில் தண்ணீர்.

"வாயைத் திற."

நடுரோட்டில், ஐம்பது டிரைவர் பார்க்க,
திறந்தேன்.

தூரத்தில் ஹாரன்.
கேட்டில் ஒரு வண்டியை உள்ளே விட்டிருக்கிறார்கள்.
ஒன்றுதான்.