கேப்டன் வீட்டில் இல்லை

ட்ராய் நகரத்தில், காலர் வெளுக்கும் சலவைக்கடைக்கு மேலே
ஏழு பேர் ஒரே சட்டைக்குள் குடியிருந்தார்கள்.
வாடகை ரசீதில் மட்டும் ஒரே பெயர்: ஆலன்சன் ஃபிட்ச்.

புதன்வரை அவர் கேப்டன் ரூக்வுட்,
அலாஸ்காப் பனியில் நாய்வண்டி ஓட்டுவார்.
வியாழன் பேராசிரியர் டிம்ஸ் ஆகி
நீர்மூழ்கிக்குத் திருகாணி பூட்டுவார்.
சனிக்கிழமை காசு வருவதற்குள்
ஏதாவதொரு பள்ளியை
பேஸ்பாலில் ஜெயிக்க வைத்தாக வேண்டும்.

நான் தட்டச்சுக்காரி, ஹுல்டா ப்ரெண்டெல்.
பக்கத்துக்கு ஐந்து சென்ட்.
கார்பன் தாள் என் செலவு.

அவருக்கு ஆஸ்துமா.
ஹட்சன் ஆற்றை ஜன்னல் வழியே பார்ப்பதோடு சரி.
கடுகு கரைத்த வெந்நீரில் காலை ஊறவைத்தபடி
எரிமலை விளிம்பில் பையன்களைத் தொங்கவிடுவார்.
“அப்படியே தொங்கட்டும் மிஸ் ப்ரெண்டெல்,
சூப் ஆறிவிடும்.”
நான் எந்திரத்தை மூடிவைத்து வீட்டுக்குப் போவேன்.
ராத்திரியெல்லாம் அவர்கள் தொங்குவார்கள்.
சில நாள் எனக்குத்தான் கை வலிக்கும்.

அவருடைய பையன்களுக்கு வயது பதினாறு.
பத்தொன்பது புத்தகத்திலும் பதினாறுதான்,
மீசை முளைக்கப் பதிப்பாளர் விடமாட்டார்.
மூன்றாம் புத்தகத்தில் பிறந்த தங்கைக்குப்
பன்னிரண்டாம் புத்தகத்தில் பல் விழுந்தது.
“கணக்கு உதைக்கிறதே” என்றேன்.
தங்கையை அடித்துவிட்டார்,
பேனாவால்.

மார்ச் மாதம். பனி உருகித் தெருவெல்லாம் சேறு.
படியேறி ஒரு பையன் வந்து நின்றான்.
ஒரு பூட்ஸில் நாடா, இன்னொன்றில் சணல்.
இடுப்பில் சுருட்டிச் செருகிய புத்தகம்.
“கேப்டன் ரூக்வுட் இருக்காரா?
அடுத்த பயணத்துக்கு ஆள் எடுக்கிறாரா?”

ஃபிட்ச் என்னைப் பார்த்தார்.
நான் விசைகளைப் பார்த்தேன்.
“கேப்டன் நேற்றுத்தான் யூகானுக்குக் கிளம்பினார்.”
சொல்லி முடிப்பதற்குள் இருமல்.

பையன் அசையவில்லை.
ரயில்வே கம்பெனி இனாமாகக் கொடுத்த வரைபடம்,
பேசினில் வெளுத்த இரண்டு பாதங்கள்,
ஒன்றுவிடாமல் பார்த்து முடித்தான்.
பிறகு புத்தகத்தை உருவி
முனை மடித்த பக்கத்தைத் திறந்தான்.

“இதுல கால்வாய்ல சரக்குப் படகு திரும்புது.
இப்படித் திரும்பாது.
முதல்ல கோவேறு கழுதை நிக்கணும்.
கயிறு தொய்யணும்.
தொய்யாம சுக்கானைத் திருப்பினா
படகு கரையில ஏறும், கழுதை தண்ணில விழும்.
எங்க ஃப்ளாஸி அப்படித்தான் போச்சு.
கேப்டன் வந்தா சொல்லுங்க.”

ஆலன்சன் ஃபிட்ச் பேசினிலிருந்து காலை எடுத்தார்.
ஈரச்சுவடு பதிய மேசைவரை நடந்து
பென்சிலைத் தேடினார்.
“கயிறு எத்தனை அடி?”

விளக்கேற்றும்வரை கேட்டார்.
இரவில் லாந்தர் எந்தப் பக்கம் தொங்கும்,
மதகு திறக்கும்போது என்ன நாற்றம் வரும்,
ஃப்ளாஸி செத்த அன்று அப்பா என்ன செய்தார்.
கடைசிக் கேள்விக்குப் பையன் வாய் திறக்கவில்லை.

இரண்டு டாலர் கொடுத்தார். வாங்கிக்கொண்டான்.
என் டப்பாவிலிருந்த பிஸ்கட்டையும்.
ராத்திரி எங்கே படுப்பாய் என்று
நாங்கள் இருவருமே கேட்கவில்லை.
அவன் இறங்கிப் போய் வெகுநேரம் கழித்துத்தான்
அது எனக்கு உறைத்தது.

அடுத்த புத்தகத்தின் அச்சுப்படி திரும்பி வந்தபோது
எழுபத்தெட்டாம் பக்க ஓரத்தில் பதிப்பாளரின் சிவப்பு மை:
மந்தம். நீக்கவும்.
பதினோரு வருடத்தில் முதல் முறையாக
முடியாது என்று ஒரு கடிதம் சொல்லச் சொல்ல அடித்தேன்.
கீழே எந்தப் பெயர் போடுவது என்றேன்.
சற்று யோசித்து, தன் பெயரைச் சொன்னார்.

ஜூலையில் புத்தகம் வந்தது.
கழுதை நிற்கிறது. கயிறு தொய்கிறது.
அவசரமே இல்லாமல் படகு திரும்புகிறது.
கதைக்கு அது தேவையே இல்லை.

வாசகர் கடிதங்களைப் பிரிப்பது என் வேலை.
அந்த வருடம் நூற்று நாற்பது.
ஒவ்வொன்றாய்ப் படித்துச் சொல்லுவேன்.
“வேறு?” என்பார்.
“எல்லாம் எரிமலைதான்” என்பேன்.
“வேறு?”