அறுபத்தொன்றாம் தகடு

நகராண்மைக் கழகம் என்னிடம் தந்தது
அறுபது அலுமினியத் தகடு, ஒரு சுத்தியல்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறின்
வரைபடம், மங்கிய நகல்.
ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பெரிய துரை பங்களா
இப்போது பூங்கா. நுழைவு இலவசம்.
மரம் ஒவ்வொன்றுக்கும் எண் அடிக்க வேண்டும்.

தூங்குமூஞ்சி பதினெட்டு.
நாகலிங்கம் இரண்டு, ஒன்று இடி விழுந்து பாதி.
பாதை நெடுக ராஜபனை, நாற்பது.
ரோஜா நூற்றிருபது என்கிறது வரைபடம்.
அங்கே இப்போது கார் நிற்கிறது.

ஏரி மட்டும் பென்சிலில் இருக்கிறது,
முட்டை வடிவில், ஒரு யோசனையாக.
வெட்டியது ஐந்து வருஷம் கழித்து,
ரப்பர் விலை விழுந்தபோது.
பாதிக் கூலி. செக்ரோலில் அரைப் பேர்.
அரைப் பேருக்கு வெட்டிய ஏரிக்கரையில்
பளிங்குப் பலகை வைத்திருக்கிறார்கள்.
முழுப் பேர் ஒன்றே ஒன்று: ஹாடன் துரை.

வராந்தாவில் நின்றால்
புல்வெளி தடையில்லாமல் காட்டு விளிம்புவரை ஓடும்.
நடந்தால்தான் தெரியும்
நடுவே ஆளுயரப் பள்ளம்.
பங்களாப் பக்கம் செங்குத்தாய்க் கல்சுவர்,
எதிர்ப்பக்கம் சரிவு.
மாடு ஏறி வராது. வேலி கண்ணில் படாது.
துரைமார் ஊரில் இதற்குச்
சிரிப்புச் சத்தத்தையே பெயராக வைத்திருக்கிறார்களாம்.
ஜுல்கிப்ளி போனில் பார்த்துச் சொன்னார்:
ஹா ஹா.
சொன்னவரும் சிரிக்கவில்லை.

பள்ளத்துக்கு அப்பால்தான் லயம்.
நாலு வரிசை, ஆயாக்கொட்டகை, பெரட்டுக் களம்.
வரைபடத்தில் அந்த இடத்தில்
வடக்கைக் காட்டும் அம்பு,
மெனக்கெட்டு வரைந்தது, இறகு இறகாய்.

அம்பின் நடுவில் ஒரு பலா நிற்கிறது.
பட்டியலில் இல்லை.
அடியில் குழாயடிச் சிமெண்ட்,
துணி அடித்து அடித்து மழுங்கிய கல்.
என்னிடம் தகடும் தீர்ந்திருந்தது.
மைலோ டின் மூடியைத் தட்டி நிமிர்த்தி
61 என்று ஆணியால் கீறினேன்.

அடித்தேன். இறங்கவில்லை.
இன்னும் ஓங்கி அடித்தேன்.
பட்டைக்குள் ஏற்கெனவே ஒரு ஆணி,
துருவோடு ஒரு முழம் கொடிக்கம்பி.
யாரோ ஈரச் சட்டை காயப்போட்ட உயரம் அது.
என் தோளுக்குச் சற்றுக் கீழே.
குள்ளமான ஆள்.

படிவத்தில் 'நட்டவர்' என்றொரு கட்டம்.
அறுபதுக்கும் ஹாடன் துரை என்று
அலுவலகமே அடித்து அனுப்பிவிட்டது.
ஒற்றை ஆள், அறுபது குழி,
கையில் மண் ஒட்டாமல்.
அறுபத்தொன்றில் பேனா நின்றது.
'குளித்துவிட்டுப் பழம் தின்றவர்,
கொட்டையைத் துப்பியவர்' என்று எழுதினேன்.
திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும்.

மாலை வராந்தாவில் ஷூ கழற்றுகிறேன்.
செம்பனைப் பாளையில் உட்கார்ந்து
சரிவில் சறுக்கும் பிள்ளைகளின் கத்தல் கேட்கிறது,
ஆளைக் காணோம்.
பிறகு சுவரில் மாட்டிய இரும்புப் படி வழியே
வெறும் புல்லிலிருந்து
ஒரு தலை,
தோள்,
சேறு அப்பிய ஒரு முழுப் பெண்பிள்ளை
எழுந்து நேராக பங்களாவை நோக்கி வருகிறாள்,
தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்க.