மட்டக் குறிப்பேடு

என் வேலை எளியது.
ஊர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று
ஆண்டுக்கு இருமுறை அளந்து சொல்வது.
முக்காலி, மட்டமானி, கோடு போட்ட கழி,
கழி பிடிக்க வெஹித்.
அவன் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்
ஒரு தெருவே கூடுதலாக இறங்கிவிடும்.

மாயேவிட்சா மலையைத் தள்ளிக்கொண்டு யாலா ஓடுகிறது,
ஆறென்று சொல்ல ஊர்க்காரர்களுக்கே கூச்சம்.
அதற்கும் வெகு கீழே
ஒரு பழங்கடல் கெட்டிப்பட்டுக் கிடந்தது.
ஸ்லாவியர் இவ்விடத்தைச் சோலி என்றார்கள்; உப்பு.
துருக்கியர் துஸ்லா என்றார்கள்; அதுவும் உப்பு.
வரி வாங்கும் கை மாறியது,
நாக்கு கேட்டது மாறவில்லை.

ஆஸ்திரியர் துளைக்கருவியோடு வந்தார்கள்.
குழாய் இறக்கி உவர்நீரை உறிஞ்சினார்கள்.
பிறகு வந்த ராஜாவின் ஆட்கள் உறிஞ்சினார்கள்.
பிறகு தோழர்கள்,
திட்டம் போட்டு, கொடி கட்டி, இன்னும் ஆழமாக.
உப்பு சோடாவானது, குளோரினானது,
சலவைத்தூளாகிப் பெட்டியில் ஏறியது.
யார் யார் சட்டையோ வெளுத்தது.
கிரேக்காவில் நிலக்கரி வெட்டியவர்கள் மட்டும்
கறுப்பாகவே வீடு திரும்பினார்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் முதலில்
மயிரளவு விரிசல்.
அப்புறம் கதவு மூட மறுத்தது.
மேஜையில் வைத்த ஆரஞ்சு தானாக உருண்டு
எப்போதும் அதே மூலைக்குப் போனது.
நானும் தம்பியும் கைதட்டினோம்.
நகராட்சி ஆள் விரிசலின் குறுக்கே
ஒரு கண்ணாடிப் பட்டையை ஒட்டிவிட்டு,
இது உடைந்தால் சொல்லுங்கள் என்றார்.
உடைந்தது. சொன்னோம்.
எட்டாவது மாடியில் ஒரு பிளாட் கொடுத்தார்கள்.

பள்ளிவாசலும் இறங்கியது, தேவாலயமும் சாய்ந்தது,
நிலம் யாரிடமும் பெயர் கேட்கவில்லை.
பெயர் கேட்டவர்கள் பிறகு வந்தார்கள்,
மலையிலிருந்து சுட்டார்கள்.
அந்த ஆண்டுகளுக்கு ஏட்டில் அளவு இல்லை.
அப்போது கழி பிடித்தவரும் இல்லை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.
நகரின் நடுவில் விழுந்த பள்ளத்தில்
உப்புநீர் நிரப்பி ஏரி செய்தார்கள்.
கரைக்குக் கூழாங்கல், குடை, ஐஸ்கிரீம் வண்டி.
கடலில்லாத ஊருக்கு ஆகஸ்டில் அலைச்சத்தம்.
நுழைவுச்சீட்டு வாங்கி நானும் போவேன்.
எங்கள் சமையலறை இருந்த இடத்தில்
ஸ்டுட்கார்ட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனன்
வயிறு தெரிய மல்லாந்து மிதக்கிறான்.
அவன் அனுப்பும் யூரோவில்தான்
மாமியாருக்கு மருந்து.

சலவைத்தூள் ஆலையை யாரோ வாங்கினார்கள்,
யாரோ விற்றார்கள், யாரோ பூட்டினார்கள்.
சம்பளப் பாக்கிக்கு வாசலில் நெருப்பு மூட்டி
ஒரு குளிர்காலம் முழுக்க நின்றார்கள்.
வெஹித் அவர்களில் ஒருவன்.
நிற்கத் தெரிந்தவன் என்றுதான்
கழியைக் கொடுத்தேன்.

முந்தாநாள், நூற்றுப் பதினேழாம் புள்ளி,
பழைய ரொட்டிக்கடை மூலை.
கழித்துப் பார்த்தேன்.
ஒரு மில்லிமீட்டர்.
ஒரு உப்புக்கல் உயரம்.
மேலே.

சாய்த்துப் பிடித்தாயா என்று கத்தினேன்.
சாய்ந்த கழி இறக்கித்தானே காட்டும், மெவ்லிதா,
நீங்கள் சொன்னதுதான், என்றான்.
மூன்று முறை அளந்தோம்.
பால்கனியில் துணி உலர்த்திய பெண்
எதைத் தொலைத்தீர்கள் என்று கேட்டாள்.

பம்புகள் நின்று பல காலம்.
உறிஞ்சிய வெற்றிடங்களில் ஊற்று திரும்பி
நிலத்தை முதுகால் முட்டுகிறதோ என்னவோ.
என் ஏட்டில் இறக்கத்துக்குத்தான் பத்தி.
கூட்டல் குறிக்கு யாரும் இடம் அச்சிடவில்லை.
ஓரத்தில், பென்சிலால், சின்னதாகப் போட்டேன்.

அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது:
கருவிப் பிழை. மறு அளவீடு செய்க.

செய்யலாம்.
வெஹித் நவம்பரில் ஸ்லொவேனியா போகிறான்,
லாரி ஓட்ட.
அதற்குள் செய்துவிட வேண்டும்.
அவன்தான் நேராகப் பிடிக்கிறான்.