நாற்பதை ஐம்பதாக்கும் விதி

மெடிக்கல் போர்டின் தாளில்
எங்கள் ஊரைப் பற்றி ஒரு வரி இருந்தது.
கடியபட்டணத்துக் கடற்கரை மணலில்
இயற்கையாகவே கதிர்வீச்சு உண்டு,
ஆகவே மனுதாரரின் நுரையீரல் நோய்
கடற்படைச் சேவையால் வந்ததல்ல,
சேவையால் கூடியதும் அல்ல.

வியாகப்பன் அதை இரண்டு தடவை வாசித்தார்,
நடுவே மூச்சு வாங்க நின்று நின்று.
"மணலு மேலயா பழி போடுதானுவ?"
சிரிக்கப் போனது இருமலில் முடிந்தது.
தாளை மடித்து
ஆக்ஸிஜன் சிலிண்டர் ரசீதுகளோடு வைத்தேன்.

பதினேழு வருடம்
கப்பலின் அடிவயிற்றில் பாய்லர் பார்த்தவர்.
நீராவிக் குழாய்களைச் சுற்றி
வெள்ளையாய் ஒரு பொதி இருக்கும்.
ஆஸ்பெஸ்டாஸ் என்று அன்று யாரும் பெயர் சொல்லவில்லை.
குழாய் கசிந்தால் வெறுங்கையால் பிய்க்க வேண்டும்.
தேங்காய்த் துருவல் போல உதிரும்,
தலையில், இமையில்,
கீழே படுத்துறங்குபவனின் திறந்த வாயில்.
டீக் குவளையை மட்டும்
உள்ளங்கையால் மூடிக்கொள்வார்களாம்.
அந்தப் பாதுகாப்பும்
அவர்களாகக் கண்டுபிடித்தது.

கப்பலை உடைத்து இரும்பாக விற்றாகிவிட்டது.
எந்தக் குழாயில் என்ன சுற்றியிருந்தது என்ற பதிவேடு
கெடு முடிந்து அழிக்கப்பட்டதாக
ஒரு பதில் வந்தது, முத்திரையோடு.
ரத்னகிரியிலிருந்து ஒரு கூட்டாளி
கோணல் இங்கிலீஷில் சாட்சிக் கடிதம் எழுதினார்.
விசாகப்பட்டினத்திலிருந்து இன்னொருவரின் மனைவி
கடிதம் எழுதவில்லை.
அவருடைய கடைசி எக்ஸ்ரேயை அனுப்பிவைத்தாள்.

நாகர்கோவில் கோர்ட் ரோட்டில், மாடியில்,
வக்கீல் ஷீபா ஜெனட் ஒன்றுதான் கேட்டாள்:
"சேரும்போ எடுத்த மெடிக்கல் சீட்டு இருக்கா அக்கா?"

இருந்தது.
ஞானஸ்நானச் சான்றிதழுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு.
1983. வயது பத்தொன்பது. நோய் ஏதுமில்லை.
மூச்சிழுத்தால் நெஞ்சு விரிவது
ஐந்து சென்டிமீட்டர்.

பத்தொன்பது வருடம் அந்த மணலில்தான் புரண்டார்.
அதில்தான் பந்தடித்தார், வலை காயப்போட்டார்,
அம்மையிடம் அடிவாங்கி அதில்தான் படுத்துறங்கினார்.
அத்தனைக்கும் பிறகு ஐந்து சென்டிமீட்டர்.
அவர் வெளியே வந்தபோது யாரும் அளக்கவில்லை.

சேரும்போது எழுதப்படாத நோயை
சேவையில் வந்ததாகவே கொள்ள வேண்டுமாம்,
சந்தேகம் இருந்தால் அது சிப்பாய்க்குச் சாதகமாம்.
ஷீபா இதைச் சொன்ன அன்று
பஸ்ஸில் ஊர்வரைக்கும்
சீட்டை மடியிலிருந்து கீழே வைக்கவில்லை நான்.

இரணியலில் ரயிலேறி
நாலு முறை சென்னைக்குப் போனோம்.
இரண்டு முறை அரசுத் தரப்பு அவகாசம் கேட்டது.
ஒரு முறை நீதிபதி விடுப்பு.
பிளாட்பாரப் படியில் அவர் நிற்கும் இடங்களை
ரயில்வேக்காரனை விட எனக்குத் தெரியும்:
ஏழாவது படி, பன்னிரண்டாவது,
பிறகு ஒவ்வொன்றும்.

தீர்ப்பு வந்தது தடைக்காலத்தில்,
விசைப்படகெல்லாம் கட்டிக்கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை.
ஊனம் நாற்பது சதவீதம், ஆயுள் முழுமைக்கும்.
நாற்பதை ஐம்பதாக்கிப் பணம் தர ஒரு விதி இருக்கிறது.
"ரவுண்ட் பண்ணுவாங்க அக்கா" என்றாள் ஷீபா.

அவர் போனை வைத்துவிட்டுக் கேட்டார்:
"அந்தக் கூடுதல் பத்து யாருக்க நோக்காடு?"

நான் மீன் இல்லாத குழம்பைக் கிளறினேன்.

விசாகப்பட்டினம் குவார்ட்டர்ஸில், மூன்றாம் மாடியில்,
அவர் கழற்றிப் போட்ட உடுப்பை
முக்குவதற்கு முன் கம்பிக்கு வெளியே உதறுவேன்.
காலை வெயிலில் அது மினுங்கியபடி இறங்கும்.
அழகாக இருக்கிறதென்று
இரண்டாம் தடவையும் உதறியிருக்கிறேன்.
காற்று சில நாள் உள்ளே திருப்பிவிடும்.

மனுவின் எந்தப் பக்கத்திலும்
துவைத்தவளுக்கு ஒரு கட்டம் இல்லை.
ராத்திரி அவர் இருமி ஓய்ந்து உறங்கியதும்
சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு
என் முறை.

அந்தப் பத்தை என் பேரில் எழுதிக்கொண்டேன்.
பாஸ்புக்கில் அவர் பேரில்தான் வரும்.