ஈரம் கழித்து

வங்கிக்காரர் ஒரு படம் கேட்டார்.
எங்கள் ஆலையின் பதினாறு வருடத்துச் சரக்கு, ஒரே தாளில்,
எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று
பார்த்ததும் புரியும்படி.

சத்தியவேடு சாலையில் எடைமேடை.
லாரி கடக்கும்போதெல்லாம் தாள் எழும்புகிறது.
மூலைக்கு ஒன்றாய் மரத்துண்டு வைத்தேன்.
எனக்கு அது சவுக்கு,
வண்டி ஓட்டும் முனிகிருஷ்ணாவுக்குச் சருகுடு.
தராசு இதிலெல்லாம் தலையிடுவதில்லை.

ஜப்பானுக்கு நீலப் பென்சில்.
சீனாவுக்குச் சிவப்பு. பெரிய யோசனை ஒன்றுமில்லை,
டப்பாவில் மிச்சமிருந்தது அதுதான்.

நீலம் உயரத்திலேயே தொடங்குகிறது.
அப்போது சோதனைக்கு வந்த ஒருவர்
கையுறை மாட்டிக்கொண்டு, சில்லுகளைச் சல்லடையில் கொட்டி,
பட்டை ஒட்டியிருந்த இருபத்தெட்டை மட்டும் பொறுக்கி
மேசைமேல் வரிசையாக அடுக்கினார்.
கோபப்படவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

சிவப்பு அந்நாளில் தாளின் அடியில் ஊரும் எறும்பு.
ஒரு கப்பல்.
அடுத்த வருடம் ஒன்றுமில்லை.
பிறகு மூன்று.
பிறகு ராத்திரியிலும் லாரி,
தடா முனையில் டீக்கடைக்காரர்
கதவையே கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

இரண்டு கோடும் வெட்டிக்கொண்ட இடம்
தாளின் மடிப்பில் விழுந்தது.
அந்த வருடம் நினைவிருக்கிறது.
செங்கல்ராயலு கடலை போட்டிருந்த கடைசி மூன்று ஏக்கரையும்
சவுக்குக்கு விட்டார்.
“களையெடுக்க ஆள் வேண்டாம், காய் ஆய ஆள் வேண்டாம்,
நாலு வருஷம் திரும்பியே பார்க்க வேண்டாம்.”
காய் ஆய வந்துகொண்டிருந்தவர்கள் பன்னிரண்டு பேர்.
போலம்மா எங்கள் ஆலைக்குப் பட்டை உரிக்க வந்தாள்.
மற்றப் பதினொருவருக்கு
என் பேரேட்டில் பத்தி இல்லை.

நீலம் விழவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.
கைப்பிடியைப் பற்றிப் படியிறங்குகிறவர் மாதிரி
மெதுவாக இறங்கி
ஒரு படியில் நின்றுகொண்டது.
சிவப்புதான் ஒரு வருடம் தலைகுப்புற விழுந்தது.
கப்பல் வரவில்லை.
துறைமுகத்து முற்றத்தில் எங்கள் குவியல்
உள்ளுக்குள் சூடேறி, மழையில் நின்றபடியே புகைந்தது.
மறுவருடம் ஒன்றும் நடக்காதது போல ஏறியது.

இருவரும் வாங்குவது ஒன்றைத்தான்.
காய்ந்த டன்.
வந்த சில்லில் நூறு கிராம் எடுத்து
நூற்றைந்து டிகிரியில் ராத்திரி முழுக்க வைப்பேன்.
விடிந்தால் ஐம்பத்து நான்கு இருக்கும்.
மிச்சம் நாற்பத்தாறு தண்ணீர்.
அதற்கு யென்னிலும் விலையில்லை, யுவானிலும் விலையில்லை.
கழித்துவிட வேண்டும்.
செங்கல்ராயலுவின் ஆழ்குழாய் இருநூற்று எண்பது அடியில்
தேடிக் கொடுத்தது அது.
ஓவன் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும்,
கண்ணாடி மங்கும்,
முந்தானையால் துடைத்துக்கொண்டு எண்ணை எழுதுவேன்.

வங்கிக்காரர் படத்தைப் பார்த்தார்.
“மொத்தத்தில் ஏறுமுகம்தானே?”
ஆமாம் என்றேன். பொய்யில்லை.
புது இயந்திரத்துக்குக் கடன் கிடைத்துவிடும்.

அவர் போனபின் போலம்மா வந்தாள், வருகைப் பதிவுக்கு.
விரலெல்லாம் பட்டைக் கறை.
மேசைக்கு அந்தப் பக்கம் நின்று,
தாளைத் தலைகீழாகப் பார்த்து,
நீலத்தையும் சிவப்பையும் மாறி மாறித் தொடாமல் தொட்டு,
“ரெண்டு கால்வாயா?
எதுல தண்ணி வரும்?” என்றாள்.

சொல்ல வாயெடுத்தேன்.
வெளியே ஹாரன்.
பதினோரு டன் இருக்கும்,
ஈரத்தோடு.