எழுத்துக்கு நூற்றைம்பது

தலவாக்கலையில் போர்டு எழுதுகிறேன்.
எழுத்துக்கு நூற்றைம்பது.
புள்ளிக்குக் காசில்லை.

மேல்கணக்கு ஸ்டோர் இப்போது ஹோட்டல்.
கொழுந்து வாட்டிய தட்டில்
கட்டில் போட்டிருக்கிறார்கள்.
முகப்பில் கட்டிய வருஷம் வேண்டுமாம்,
ரோமன் எண்ணில்.
மேனேஜர் விஜேகோன் ஃபைலைப் புரட்டினார்:
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு.

சிகரெட் பெட்டியின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
MDCCCLXXXVIII.
பதின்மூன்று எழுத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.
அவர் முகம் சுருங்கியது.
சமாதானத்துக்குச் சொன்னேன்:
"இன்னும் பன்னிரண்டு வருஷம் பொறுத்துக் கட்டியிருந்தால்
MCM, மூன்றே எழுத்து."
"அப்ப தொள்ளாயிரம் என்றே போடுவமா?"
நிஜமாகவே யோசித்தார்.
பிறகு பழசுக்குத்தான் வெள்ளைக்காரன் காசு கொடுப்பான் என்று
எண்பத்தெட்டுக்கே சம்மதித்தார்.

ஏணியில் நிற்கையில்
பகல் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த குணசெல்வி
கீழிருந்து கேட்டாள்:
"அண்ணே, பதினெட்டு எப்படி?"
மட்டைச் சுவரில் கரியால் போட்டேன்: XVIII.
"பதினேழரை?"
அரைக்கு S. அதையும் போட்டேன்: XVIIS.
விரல் வைத்து எண்ணினாள்.
"ரெண்டுக்கும் அஞ்சு எழுத்துதானே!"
ஆமாம். எனக்கு ரெண்டும் ஒரே கூலி.
அவளுக்கு முதலாவது முழுப் பேர்,
இரண்டாவது அரைப் பேர்.
நேற்று தராசு எங்கே நின்றதென்று
நான் கேட்கவில்லை.

"லட்சம், கோடியெல்லாம்?"
எழுத்தின் தலைமேல் ஒரு கோடு இழுத்தால் போதும்,
ஆயிரம் மடங்கு என்றேன்.
லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.
கல் ஏற்றி வைத்த தகரம், வரிசையாக.
"எங்க தலைமேலயும் கோடு கிடக்கு,
நாங்க ஒண்ணு ஒண்ணாத்தான இருக்கோம்"
என்று சிரித்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டாள்.

நாலு மணிக்குக் கடைசி I.
இறங்கி ரோட்டுக்கு வந்து நிமிர்ந்தேன்.
ஆற்றுப் பக்கமிருந்து மூட்டம் ஏறி
வலது ஓரத்தைத் தின்னத் தொடங்கியது.
மூன்று I போனது.
V போனது. X ஒவ்வொன்றாய்.
நிமிஷத்துக்கு நிமிஷம்
கட்டடம் கிழடாகிக்கொண்டே போய்
கடைசியில் M மட்டும் நின்றது.

கொழுந்து லொறிக்குக் காத்திருந்தவர்களில்
குணசெல்வியும் இருந்தாள்.
"இது மட்டும் எவ்வளவு?"
"ஆயிரம்."

யாரும் பேசவில்லை.
ஒருநாள் சம்பளம் ஆயிரம் கேட்டு
இதே ரோட்டில்
எல்லோரும் கறுப்புத் துணி கட்டி உட்கார்ந்த
வருஷம் அது.

"ஒரே எழுத்துதானா?" என்றாள்.

லொறி வந்தது.
நான் தூரிகையை மண்ணெண்ணெயில் முக்கினேன்.
பில்லில் பதின்மூன்று என்று
சாதாரண எண்ணில்தான் எழுதினேன்.